பதிவு பெற்றவரா? பழக்கப்பட்டவரா?

மக்களே, ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ஆளையே காணோம். இன்னிக்கு மொக்கை கிடையாது, கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். நாமெல்லாம் பதிவர்கள். ஆனா இந்தப் பதிவு அந்தப் பதிவைப் பத்தினது இல்ல :-) ஆஸ்திரேலியாவுல மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி செய்யற கம்பெனிகளும் தனி ஆட்களும் அரசாங்கத்துக்கிட்ட வாங்கற பதிவு. சிட்னி மேற்குப் பக்கத்துல இருக்கிற தமிழ்க் குடும்பங்கள்ல இருந்து ஒரே கேள்வி என்கிட்ட அடிக்கடி வருது: "தம்பி, ரெஜிஸ்டர் பண்ணின ஆளை வைக்கிறதா, ரெஜிஸ்டர் பண்ணாத ஆளை வைக்கிறதா? எது நல்லது?" போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது. அதனால இங்க மொத்தமா எழுதி வச்சிடறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதின்னா, பெரிசா ஒன்னும் இல்ல. நான் ஜாவா எழுதிப் பொழப்பு ஓட்டற ஜீவன். என் அக்கா பையனுக்கு பதிமூணு வயசு, ஆட்டிசம் உண்டு. பேச்சு ரொம்பக் கம்மி. வீட்டுல 'கம்ப்யூட்டர் படிச்சவன்'ங்கற ஒரே காரணத்துக்காக அவனோட ப்ளான், போர்ட்டல், இன்வாய்ஸ் எல்லாம் மூணு வருஷமா தாய்மாமன் தலையில. சீர் செய்யற காலம் போய் இன்வாய்ஸ் செய்யற காலம்!

என்.டி.ஐ.எஸ்.னா என்ன?

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஆஸ்திரேலியாவுல 2013-ல ஆரம்பிச்ச தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம்தான் என்.டி.ஐ.எஸ். பழைய முறையில பணம் நிறுவனத்துக்குப் போகும், அவங்க குடுக்கறதை நாம வாங்கிக்கணும். இதுல தலைகீழ். பணம் அந்த நபரோட பேர்ல ஒதுக்கப்படுது, யார்கிட்ட உதவி வாங்கறதுன்னு அவங்க முடிவு பண்ணலாம். அருமையான யோசனை. ஆனா தேர்ந்தெடுக்கற உரிமை கூடவே தேர்ந்தெடுக்கற தலைவலியும் வந்துச்சு.

பணத்தை நிர்வகிக்க மூணு வழி. அரசு ஏஜென்சியே பார்த்துக்கிட்டா, பதிவு பெற்றவங்களை மட்டும்தான் வைக்க முடியும். ப்ளான் மேனேஜர்னு ஒருத்தர் பில் கட்டினா, ரெண்டு வகையையும் வைக்கலாம், ஆனா அரசு நிர்ணயிச்ச உச்ச விலையைத் தாண்டக் கூடாது. நாமே நிர்வகிச்சா, யாரையும் வைக்கலாம், விலையும் நாமே பேசிக்கலாம். எங்களுது ரெண்டாவது ரகம்.

விலையில பெரிய வித்தியாசம் இருக்கும்னு சிலர் நினைக்கறாங்க. 2025-26-க்கு சாதாரண வார நாள் பகல் நேர உதவிக்கு உச்ச விலை மணிக்கு 70.23 டாலர். கம்பெனிக்கும் அதே, தனி ஆளுக்கும் அதே. பதிவு இருக்கிறதால மணிக்கு ஒரு டாலர் கூடக் கிடைக்காது. ஆனா பதிவு வாங்கற செலவு மட்டும் உண்டு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வரும்.

பதிவுல என்ன இருக்கு?

பதிவு வாங்கணும்னா ஆடிட் உண்டு. ஆபத்து கம்மியான சேவைன்னா காகிதங்களை மட்டும் சரிபார்ப்பாங்க. நேரடிப் பராமரிப்பு மாதிரி ஆபத்து கூடின வேலைன்னா ஆடிட்டர் வந்து பார்த்து, ஆட்களைக் கேட்டு, அப்புறம்தான் சான்றிதழ். நேரடியா உதவி செய்யற ஊழியர்களுக்கு என்.டி.ஐ.எஸ். பின்னணிச் சோதனை கட்டாயம். 2021-ல இருந்து இது நாடு முழுக்க ஒரே முறை. புகார் வாங்க ஒரு ஏற்பாடு இருக்கணும். மரணம், பலத்த காயம், துன்புறுத்தல், கவனிக்காம விடறது இதுல எது நடந்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள தர பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாகணும்.

பதிவு இல்லாதவங்களுக்கு இதெல்லாம் கட்டாயம் இல்ல. அதுக்காக அவங்க சட்டத்துக்கு வெளியில இருக்கறவங்கன்னு நினைச்சுடாதீங்க. நடத்தை விதி ரெண்டு பேருக்கும் ஒன்னுதான். ஆணையத்துல ரெண்டு பேர் மேலயும் புகார் குடுக்கலாம். ரெண்டு பேரையும் தடை பண்ண முடியும். வித்தியாசம் என்னன்னா, பதிவு பெற்றவரை அரசாங்கம் முன்கூட்டியே பார்க்குது. பதிவு இல்லாதவரை யாராவது புகார் சொன்னா மட்டும் பார்க்குது.

அந்த 'யாராவது' யாருங்கறதுதான் இந்தப் பதிவோட மொத்த மேட்டரும்.

பதிவு இருந்தா போதுமா?

அடிலெய்டுல ஆன்-மேரி ஸ்மித்னு ஒரு பெண். வயசு 54, பெருமூளை வாதம். வீட்டுல தனியா இருந்தாங்க. அவங்களுக்கு உதவி செஞ்சது பதிவு பெற்ற நிறுவனம்தான். பல வருஷமா ஒரே ஒரு ஊழியர். 2020 ஏப்ரல்ல அவங்க இறந்தப்பதான் உலகத்துக்குத் தெரிஞ்சது, ஒரு வருஷத்துக்கும் மேல ஒரு பிரம்பு நாற்காலியிலயே உட்கார வச்சிருக்காங்கன்னு. படுக்கைப் புண், சத்துக் குறைவு, ரத்தத்துல கிருமி. ஊழியர் ஜெயிலுக்குப் போனார். மரணத்தை 24 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கலைன்னு நிறுவனத்துக்கு 12,600 டாலர் அபராதம் போட்டாங்க. அப்புறம் தடையும் போட்டாங்க.

சான்றிதழ் இருந்துச்சு. எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்ல.

அந்தச் சம்பவத்தை விசாரிச்ச முன்னாள் நீதிபதி ஆலன் ராபர்ட்சன் குடுத்த பரிந்துரைகள்ல முக்கியமான ஒன்னு, இப்படி எளிதா பாதிக்கப்படக் கூடிய யாருக்கும் ஒரே ஒரு பராமரிப்பாளர் மட்டும் இருக்கக் கூடாதுங்கறது. எவ்வளவு சாதாரண விஷயம் பாருங்க. காகிதம் கூட இல்ல, ரெண்டாவதா ஒரு ஜோடிக் கண்.

நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு இது ஈஸியா புரியும். சி.எம்.எம். லெவல் 5 வாங்கின கம்பெனியில பக் வராதா? வண்டி வண்டியா வரும். சான்றிதழ் சொல்றது "எங்ககிட்ட ஒரு முறை இருக்கு"ங்கறது மட்டும்தான். நேத்து ராத்திரி டெப்ளாய் பண்ணினது ஓடுதா இல்லியான்னு யாராவது லாக்கைப் பார்த்தாத்தான் தெரியும். அதே சமயம் ஒரு முறையே இல்லாத கடையில வேலை பார்த்தவங்களுக்கு சான்றிதழோட அருமை தெரியும். ரெண்டும் உண்மை.

எங்க வீட்டு அனுபவம்

ஆரம்பத்துல நாங்க வச்சது பதிவு பெற்ற கம்பெனிதான். அஞ்சு மாசத்துல ஏழு பேர் மாறி மாறி வந்தாங்க. எங்க பையனுக்குப் புது முகம்னாலே பயம். போதாக்குறைக்கு ஷாப்பிங் சென்டர் டாய்லெட்ல இருக்கிற கை காய வைக்கிற மெஷின் சத்தம் கேட்டா அவ்வளவுதான், காதைப் பொத்திக்கிட்டு தரையில உக்காந்துடுவான். அதைக் குறிப்புல எழுதிக் குடுத்திருந்தோம். ஆறாவதா வந்தவர் குறிப்பைப் படிக்கவே இல்ல. நேரா அந்த மெஷின் பக்கத்துலயே கூட்டிட்டுப் போயிட்டார். பையன் அன்னிக்கு ராத்திரி தூங்கல.

ஆனா ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். அதே நாள் சாயந்திரம் மேனேஜர் போன் பண்ணினார். என்ன நடந்ததுன்னு எழுதின அறிக்கை வந்துச்சு, மன்னிப்பும் வந்துச்சு. நாங்க யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு அலையல. அந்த ஏற்பாடு வேலை செஞ்சது. ஆள்தான் நிலைக்கல.

அப்புறம் "நம்ம ஊர்க்காரர்"னு சொல்லி ஒருத்தர் வந்தார். பதிவு இல்ல. நல்லாத்தான் பேசினார். ரெண்டு மணி நேரம் வந்துட்டு மூணு மணி நேரத்துக்கு இன்வாய்ஸ். ப்ளான் மேனேஜர் என்ன பண்ணுவார்? ப்ளான்ல காசு இருக்கா, விலை சரியான்னு பார்ப்பார். அந்த மனுஷன் சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினார்னு அவருக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்குத் தெரியும். ஆனா அக்கா கேக்கல. ஏன்னா ஞாயித்துக்கிழமை முருகன் கோயில்ல அவர் மூஞ்சியில முழிக்கணுமே! பின்னணிச் சோதனைக் காகிதம் கேட்டதுக்கே, "என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லியா?"ன்னு முகம் சுருங்கிப்போச்சு அவருக்கு. கடைசியில நான் போய் மணிக்கணக்கைக் காட்டினதும் அவரே நின்னுக்கிட்டார்.

இங்கதான் நம்மாளுங்களோட பிரச்சினையே. நமக்கு அரசாங்கப் பதிவு ரெண்டாம்பட்சம். "தெரிஞ்சவங்க"ங்கறதுதான் நம்ம பதிவு. வீடு வாடகைக்கு விடறதுல இருந்து பொண்ணு பாக்கறது வரைக்கும் அதுதான் ஆடிட். தெரிஞ்சவங்ககிட்ட காகிதம் கேக்கறது அவமரியாதை. அதனால பதிவு இல்லாத ஆளையும் வச்சுக்கிட்டு, பதிவு செஞ்சிருந்தா அரசாங்கம் கேட்டிருக்கும் கேள்விகளை நாமளும் கேக்காம விட்டுடறோம். ரெண்டு பக்கமும் பூட்டு இல்லாத வீடு.

இப்ப வர்றவர் மூணாவது ஆள். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயசுக்கு மேல. இவரும் பதிவு இல்லாதவர்தான், சொந்தமா ஏ.பி.என். வச்சுக்கிட்டு தனியா வேலை செய்யறார். மணிக்கு வாங்கறதும் உச்ச விலையைவிடக் குறைவு. முதல் நாளே ஒரு கவரோட வந்தார். பின்னணிச் சோதனை, குழந்தைகளோட வேலை செய்யறதுக்கான அனுமதி, முதலுதவிச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் எல்லாம் உள்ள. அக்கா நெளிஞ்சதைப் பார்த்துட்டு, "தங்கச்சி, இதைக் கேக்கிறதுக்கு ஏன் வெக்கப்படுறீங்கள்? பிள்ளையை விட்டுட்டுப் போறது நீங்கள்தானே"ன்னார். பையன் அவர்கூட இப்ப ரயில்ல போறான். பிளாட்பாரத்துல நின்னு பெட்டி எண்ணறான், தமிழ்ல. ஆறு வரைக்கும்தான் வரும். எங்களுக்கு அது அறுநூறுக்குச் சமம்.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கறது?

என் கருத்து இதுதான். பதிவு பெற்றவரா, பெறாதவராங்கறது பாதிக் கேள்வி. முழுக் கேள்வி: சோதிக்கற வேலையை யார் செய்யப் போறாங்க? பதிவு பெற்றவரை வச்சா அதுல ஒரு பங்கை அரசாங்கம் செய்யுது. பதிவு இல்லாதவரை வச்சா முழுசும் உங்க வேலை. அந்த வேலையைச் செய்ய உங்க வீட்டுல ஆள் இருக்கா?

தினமும் வீட்டுல ஒருத்தர் இருக்காங்க, குழந்தை குளிக்கும்போது உடம்பைப் பார்க்கறாங்க, முகத்தை வச்சே எதோ சரியில்லைன்னு கண்டுபிடிக்கறாங்க, கூச்சப்படாம கேள்வி கேப்பாங்கன்னா, பதிவு இல்லாத நல்ல மனுஷரைத் தாராளமா வைக்கலாம். மொழி தெரிஞ்ச, நிலையா வர்ற ஒருத்தரோட மதிப்பை எந்த ஆடிட்டும் அளக்காது. புல் வெட்டறது, வீடு கூட்டறதுக்கெல்லாம் நான் பதிவைத் தேடவே மாட்டேன்.

ஆனா அந்த நபர் தனியா இருக்கார், தனக்கு நடந்ததைச் சொல்ல முடியாது, குளிப்பாட்டறது, ட்யூப் வழியா சாப்பாடு, ராத்திரித் தங்கல் மாதிரி மூடின கதவுக்குப் பின்னால நடக்கற உதவின்னா, பதிவு பெற்றவங்கதான். அதுலயும் ஒரே ஆளை மட்டும் நம்பாம, ரெண்டாவது கண் ஒன்னு இருக்கணும். ஒரு பக்கத்து வீட்டம்மா, ஒரு சித்தப்பா, வேற ஒரு கம்பெனி, யாராவது.

சில விஷயங்கள்ல நமக்குத் தேர்வே கிடையாது. நடத்தை ஆதரவுத் திட்டம் எழுதறவங்க, கட்டுப்படுத்தும் முறைகளைப் பயன்படுத்தறவங்க, சிறப்பு வீட்டு வசதி தர்றவங்க, ஏன், ப்ளான் மேனேஜர் கூட பதிவு பெற்றவரா இருந்தே ஆகணும்.

ரெண்டு வகைக்கும் நான் செய்யச் சொல்ற சோதனைகள்:

1. ஆணையத்தோட இணையதளத்துல பதிவுப் பட்டியல் இருக்கு. பேரைத் தேடுங்க. 'பதிவு இருக்கு'ங்கறதோட நிக்காம, எந்தச் சேவைக்குப் பதிவுன்னு பாருங்க. வீட்டுவேலைக்குப் பதிவு வாங்கினவர் பராமரிப்புக்கும் பதிவு வாங்கினவர்னு அர்த்தம் இல்ல. நிறைய பேர் ஏமாறது இங்கதான்.

2. அதே இடத்துல தடை செய்யப்பட்டவங்க விவரமும் இருக்கு. கம்பெனி பேர், ஆள் பேர் ரெண்டையும் போட்டுத் தேடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

3. பதிவு இல்லாதவரும் என்.டி.ஐ.எஸ். பின்னணிச் சோதனை வாங்க முடியும். கட்டாயம் இல்லைன்னா நாம கட்டாயமாக்குவோம். காகிதத்தைப் பார்த்தா பத்தாது, இன்னும் செல்லுபடியாகுதான்னு பாக்கணும்.

4. இன்ஷூரன்ஸ். அவரால பையனுக்கு அடிபட்டாலோ, நம்ம வீட்டுல அவருக்கு அடிபட்டாலோ யார் பொறுப்புன்னு முதல்லயே பேசிடுங்க. நீங்களே நேரடியா சம்பளத்துக்கு வச்சா, சூப்பர், தொழிலாளர் இன்ஷூரன்ஸ் எல்லாம் உங்க தலையில வரும்.

5. ஒரு பக்கம் போதும், எழுதி வையுங்க. எத்தனை மணி, என்ன வேலை, வரலைன்னா எப்ப சொல்லணும், கேன்சல் பண்ணினா என்ன காசு. எங்க வீட்டுல பிரிட்ஜ் மேல ஒரு நோட்டு தொங்குது. வந்த நேரம், போன நேரம், ஒரு வரி. இன்வாய்ஸ் வந்தா நான் அந்த நோட்டோட ஒப்பிடுவேன்.

6. கம்பெனின்னா ஒரே கேள்வி: "வழக்கமா வர்ற ஆளுக்கு லீவுன்னா யார் வருவாங்க? அவங்களை முன்னாடியே எங்களுக்கு அறிமுகப்படுத்துவீங்களா?" பதில் சொல்லற தினுசுலயே கம்பெனியோட லட்சணம் தெரிஞ்சிடும்.

புகார் சொல்ல ஆணையத்தோட நம்பர் 1800 035 544. இங்கிலீஷ்ல பேசத் தயங்கற அம்மா அப்பாக்கள் 131 450-க்குப் போன் பண்ணி தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேக்கலாம். கோயில்ல முகம் பாக்கணுமேன்னு யோசிக்காதீங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

எல்லாரையும் கட்டாயப்படுத்திட்டா என்ன?

இப்படி ஒரு வாதமும் ஓடுது. 2023 டிசம்பர்ல வந்த என்.டி.ஐ.எஸ். மறுஆய்வு அறிக்கை, ஆபத்துக்கு ஏத்த மாதிரி படிப்படியா எல்லாரையும் பதிவுக்குள்ள கொண்டு வரணும்னு சொல்லுச்சு. மாற்றுத்திறனாளிகள்கிட்ட இருந்தே பலமான எதிர்ப்பு. "என் வீட்டுக்குள்ள யார் வரணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்"னாங்க. நியாயம்தானே? நமக்கு யாரும் ஆடிட் பண்ணித்தான் வேலைக்காரம்மா அனுப்பறாங்களா? அதுக்கப்புறம் வழக்கறிஞர் நடாலி வேட் தலைமையில ஒரு பணிக்குழு போட்டு, 2024-ல அவங்க ஆலோசனையும் வந்துச்சு. முதல் கட்டமா, துணையோட கூடிய தங்கல் சேவை தர்றவங்களும், ஆளைத் தேடிக் குடுக்கற இணையத் தளங்களும் 2026 ஜூலை 1-ல இருந்து பதிவு செஞ்சே ஆகணும்னு அறிவிச்சாங்க.

அதை நான் ஆதரிக்கிறேன். இருபத்துநாலு மணி நேரமும் அடுத்தவங்க கையில இருக்கிற இடத்துல பதிவு வேணும். ஆனா தனி ஆட்கள் அத்தனை பேருக்கும் அதே ஆடிட்டைப் போட்டா, விலை ஒன்னுதான், செலவு மட்டும் ஆயிரக்கணக்குலன்னு எங்க யாழ்ப்பாணத்து ஐயா மாதிரி ஆட்கள் தொழிலை விட்டுட்டு டாக்ஸி ஓட்டப் போயிடுவாங்க. அப்புறம் மறுபடி ஏழு புது முகம். பின்னணிச் சோதனையை எல்லாருக்கும் கட்டாயமாக்கட்டும், தனி ஆளுக்கு செலவில்லாத எளிய பதிவு குடுக்கட்டும். கனமான ஆடிட்டை, கதவு மூடின வேலைக்கு வைக்கட்டும்.

கடைசியா ஒன்னு. அக்கா வீட்டுல இப்ப நடக்கிறது நல்லாத்தான் நடக்குது. ஆனா அது ஏன் நல்லா நடக்குதுன்னா, அக்கா தினமும் பார்க்கறா. அக்காவுக்கு இப்ப 39. பையனுக்கு 39 ஆகும்போது அக்காவுக்கு 65. அதுக்கும் மேல எனக்கு யோசிக்கப் பிடிக்கல, ஆனா யோசிச்சுத்தான் ஆகணும். பதிவு இல்லாதவரை வச்சு ஓடற ஏற்பாடு, பார்க்கற கண்ணு இருக்கிற வரைக்கும்தான் ஏற்பாடு. அதனால இப்பவே பையனைச் சுத்தி இன்னும் நாலு கண்ணைச் சேர்த்துக்கிட்டிருக்கோம். மாசம் ஒரு தடவை ஒரு பதிவு பெற்ற கம்பெனி ஆளும் வர்றார், நாளைக்கு அவங்க தேவைப்பட்டா அந்த முகம் புதுசா இருக்கக் கூடாதுன்னு. பையன் அவரை இன்னும் சேர்த்துக்கல. பரவால்ல, டைம் இருக்கு.

உங்க வீட்டுலயோ, தெரிஞ்சவங்க வீட்டுலயோ இப்படி யாராவது இருந்தா, எந்த நாடா இருந்தாலும் சரி, நீங்க எப்படிச் சமாளிக்கறீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டறதா இருந்தாலும் தமிழ்லயே திட்டுங்க :-)

டிஸ்கி: ஒவ்வொருத்தர் ப்ளானும் வேற வேற. என் வார்த்தையை மட்டும் நம்பி முடிவெடுத்துடாதீங்க. என்னையும் யாரும் ஆடிட் பண்ணல. நானும் ஒரு பதிவு இல்லாத பதிவர்தான்!